விதையை எப்போது எடுத்து வைப்பது?

நெல் பயிரிடும் குடும்பங்களில் ஒரு வழக்கம் உண்டு. அறுவடை முடிந்ததும் நன்கு முற்றிய மணிகளாகப் பார்த்து எடுத்து, காயவைத்து, வைக்கோல் பிரியால் கோட்டை கட்டி வைத்துவிடுவார்கள். அதுதான் விதைநெல். அடுக்களையில் அரிசி தீர்ந்து போனாலும் அதில் கை வைக்க மாட்டார்கள். வெள்ளம் வந்து வயலே அழிந்தாலும் விதை கையில் இருந்தால் மறுபடியும் பயிர் செய்யலாம் அல்லவா?

மருத்துவத்திலும் இப்படி ஒரு விதைக்கோட்டை உண்டு. லிம்ஃபோமா என்னும் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெறுபவர்கள் சிலரின் இரத்தத்திலிருந்து ஒருவகை உயிரணுக்களைப் பிரித்தெடுத்து உறைய வைக்கிறார்கள். பின்னர் கடுமையான மருந்தால் அவர்களுடைய எலும்பு மஜ்ஜை அழிந்த பிறகு, அந்த உயிரணுக்களையே திரும்பச் செலுத்திப் புதிய மஜ்ஜையை வளரச் செய்கிறார்கள்.

ஆனால் இங்கே ஒரு சிக்கல் இருக்கிறது. புற்றுநோயை அழிக்கக் கொடுத்த மருந்துகளே இந்த விதையையும் குறைத்துவிடக்கூடும். அதே மருந்துகளில் சில, விதையை வெளியே கொண்டுவரவும் உதவுகின்றன. இந்த விந்தையை விளங்கிக்கொள்வதே நமது இன்றைய பாடம்.

லிம்ஃபோமா என்பது என்ன?

தொண்டையில் புண் வந்தால் கழுத்தில் நெறி கட்டுகிறது. நெறி என்று நாம் சொல்வது வீங்கிய நிணநீர்க் கணுதான். கழுத்து, அக்குள், தொடை இடுக்கு, மார்பு, வயிறு ஆகிய இடங்களில் இத்தகைய கணுக்கள் நூற்றுக்கணக்கில் உள்ளன. லிம்ஃபோசைட் என்ற வெள்ளணுக்கள் இங்கே தங்கி, உடலுக்குள் நுழையும் கிருமிகளை எதிர்த்துப் போரிடுகின்றன. புண் ஆறியதும் வீக்கம் தானே வடிந்துவிடும்.

சில வேளைகளில் ஒரு லிம்ஃபோசைட் கட்டுப்பாட்டை இழந்து பெருகத் தொடங்குகிறது. ஒன்று இரண்டாகி, இரண்டு நான்காகி, கணு வடியாமல் வளர்ந்துகொண்டே போகிறது. இதுவே லிம்ஃபோமா. லண்டன் கைஸ் மருத்துவமனையில் பணியாற்றிய தாமஸ் ஹாட்ஜ்கின் என்பவர் 1832-ல் இந்நோயின் ஒரு வகையை முதன்முதலாக விவரித்தார். அந்த வகைக்கு இன்றும் அவர் பெயரே வழங்குகிறது. மற்றவற்றை ஹாட்ஜ்கின் அல்லாத லிம்ஃபோமாக்கள் என்கிறோம். அவற்றில் மெதுவாக வளர்பவை உண்டு. மிக விரைவாக வளர்பவையும் உண்டு.

மஜ்ஜையும் குருத்தணுவும்

எலும்பு உள்ளே கெட்டியானது என்று நினைக்கிறோம். இடுப்பெலும்பு, மார்பெலும்பு, முதுகெலும்பு இவற்றின் உட்புறம் கடற்பஞ்சு போல் துளைகள் நிறைந்தது. அத்துளைகளில் சிவந்த கூழ் போன்ற பொருள் இருக்கிறது. அதுவே எலும்பு மஜ்ஜை. நமது இரத்தம் பிறக்கும் இடம் அது.

சிவப்பணு ஒன்றின் ஆயுள் சுமார் 120 நாட்கள். தட்டணுவுக்கு ஒரு வாரம் அல்லது பத்து நாட்கள். சில வெள்ளணுக்கள் ஓரிரு நாட்களுக்குள் மடிகின்றன. இவற்றையெல்லாம் ஈடுகட்ட மஜ்ஜை இரவு பகலாக உழைக்கிறது. சிவப்பணுக்கள் மட்டுமே நாளொன்றுக்குச் சுமார் 20,000 கோடி உற்பத்தியாகின்றன!

இத்தனைக்கும் மூலமாக இருப்பது ஒரு சிறு கூட்டம். அந்தக் கூட்டத்தைச் சேர்ந்த உயிரணுவை ஸ்டெம் செல் என்பார்கள். தமிழில் குருத்தணு. பெயர் பொருத்தமானதே. தென்னை மரத்தில் நான்கு மட்டைகளை வெட்டினாலும் மரம் சாவதில்லை. நடுக்குருத்து அழுகிப்போனால் மரமே போய்விடும். அதுபோல, முதிர்ந்த இரத்த அணுக்கள் அழிந்தால் மீண்டும் உண்டாகும். குருத்தணுக்கள் அடியோடு அழிந்தால் உண்டாக்குவதற்கு ஆள் இல்லை.

குருத்தணு உண்மையில் இருக்கிறது என்பதைக் கண்டவர்கள் கனடாவின் டொராண்டோ நகரில் ஆய்வு செய்த ஜேம்ஸ் டில், எர்னஸ்ட் மக்கல்லோக் ஆகிய இருவர். கதிர்வீச்சால் மஜ்ஜை அழிக்கப்பட்ட சுண்டெலிகளுக்கு வேறு எலிகளின் மஜ்ஜையைச் செலுத்தினார்கள். சுமார் பத்து நாட்கள் கழித்து அவற்றின் மண்ணீரலில் சிறு சிறு முண்டுகள் தோன்றியிருந்தன. செலுத்திய மஜ்ஜை மிகுந்தால் முண்டுகளும் மிகுந்தன. இதை 1961-ல் வெளியிட்டார்கள். ஒவ்வொரு முண்டும் ஒரே ஓர் உயிரணுவிலிருந்து பிறந்தது என்பது 1963-ல் உறுதியாயிற்று.

நஞ்சிலிருந்து வந்த மருந்து

முதல் உலகப் போரில் கடுகு வாயு என்ற நச்சு வாயு பயன்படுத்தப்பட்டது. அதனால் இறந்தவர்களின் உடலில் மஜ்ஜை வெறுமையாகக் கிடந்ததையும், வெள்ளணுக்கள் மிகக் குறைந்திருந்ததையும் 1919-ல் கிரம்பார் என்ற அமெரிக்க மருத்துவர் எழுதி வைத்தார்.

இரண்டாம் உலகப் போரின்போது, அந்த நஞ்சின் உறவுப் பொருளான நைட்ரஜன் மஸ்டர்டை அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் லூயிஸ் குட்மன், ஆல்ஃபிரட் கில்மன் ஆகியோர் ஆராய்ந்துகொண்டிருந்தனர். வெள்ளணுக்களை அழிக்கும் பொருள், வெள்ளணுக்களால் உண்டான கட்டியையும் கரைக்கலாம் அல்லவா என்பது அவர்கள் எண்ணம். 1942-ல் முற்றிய லிம்ஃபோமா நோயாளி ஒருவருக்கு அது கொடுக்கப்பட்டது. சில நாட்களிலேயே கட்டிகள் சுருங்கின. ஆனால் அவருடைய மஜ்ஜையும் சேர்ந்து அடிபட்டது. கட்டிகள் திரும்பி வந்தபோது மருந்தை அதிகமாகக் கொடுக்க மஜ்ஜை இடம் கொடுக்கவில்லை. அவர் அவ்வாண்டிலேயே இறந்தார். போர்க்கால இரகசியம் என்பதால் இச்செய்தி 1946-ல்தான் வெளியாயிற்று.

புற்றுநோய் வேதிச் சிகிச்சையின் முதல் நோயாளியிடமே நமது பாடத்தின் மையக் கேள்வி எழுந்துவிட்டதைக் கவனியுங்கள். கட்டியைக் கரைக்கும் அளவுக்கு மருந்தை ஏற்றினால் மஜ்ஜை தாங்குமா?

எந்த மருந்து எதைத் தாக்குகிறது?

ஓர் உயிரணு இரண்டாகப் பிரியும் முன் தன் டி.என்.ஏ.வைப் படியெடுக்க வேண்டும். புற்றுநோய் மருந்துகள் பல இந்த வேலையைக் குலைக்கின்றன. எனவே அடிக்கடி பிரியும் உயிரணுக்களுக்கே அடி பலமாக விழும். புற்றுநோய் அணுக்கள் அடிக்கடி பிரிகின்றன. முடியின் வேர், வாயின் உட்தோல், மஜ்ஜையில் வளரும் இளம் இரத்த அணுக்கள் ஆகியவையும் அடிக்கடி பிரிகின்றன. கீமோதெரபி பெறுபவர்களுக்கு முடி கொட்டுவதும், வாய்ப்புண் வருவதும், வெள்ளணு குறைவதும் இதனாலேயே.

அப்படியானால் குருத்தணு தப்புவது எப்படி? குருத்தணு பெரும்பாலும் உறங்கும். எப்போதாவது ஒருமுறை விழித்து, பிரிந்து, மீண்டும் உறங்கிவிடும். பிரியும் அணுவை மட்டும் தேடி அடிக்கும் மருந்து, உறங்கும் அணுவைத் தாண்டிப் போய்விடுகிறது. இதனால்தான் ஒரு தவணை மருந்துக்குப் பின் விழுந்த வெள்ளணு எண்ணிக்கை இரண்டு மூன்று வாரங்களில் மீண்டும் ஏறுகிறது.

ஆனால் எல்லா மருந்தும் ஒரே மாதிரி அல்ல. மூன்று உதாரணங்கள் பார்ப்போம்.

முதலாவது வின்கிரிஸ்டின். நம் வீட்டுத் தோட்டங்களில் பூக்கும் நித்தியகல்யாணிச் செடியிலிருந்து கிடைப்பது. இது நரம்புகளுக்குத் தொல்லை கொடுக்கும். மஜ்ஜைக்குச் செய்யும் கேடு குறைவு.

இரண்டாவது சைக்ளோஃபாஸ்ஃபமைடு. நைட்ரஜன் மஸ்டர்டின் வழியில் 1950-களில் ஜெர்மனியில் உருவானது. மஜ்ஜையில் வளரும் அணுக்களைப் பலமாகத் தாக்கும். ஆனால் இம்மருந்தைச் செயலிழக்கச் செய்யும் ஆல்டிஹைடு டீஹைட்ரோஜினேஸ் என்ற நொதி குருத்தணுவில் நிறைய இருக்கிறது. ஆகவே குருத்தணு பெரும்பாலும் தப்பிவிடும்.

மூன்றாவது மெல்ஃபலான், கார்மஸ்டின், குளோராம்புசில் போன்றவை. இவை டி.என்.ஏ.வோடு நேரடியாகப் பிணைந்து அதைக் கெடுக்கின்றன. அணு உறங்கினாலும் விழித்திருந்தாலும் இவற்றுக்குக் கவலையில்லை. பலமுறை கொடுத்தால் குருத்தணுக்களின் கையிருப்பே குறைந்துவிடும். வேறு வழிகளில் வேலை செய்யும் ஃபுளூடரபின், லெனலிடோமைடு ஆகியவையும் பின்னர் குருத்தணு சேகரிப்பதைக் கடினமாக்குவதாக மருத்துவர்கள் அனுபவத்தில் கண்டிருக்கிறார்கள்.

நோய் திரும்பினால்

லிம்ஃபோமா நோயாளிகள் பலர் முதல் சிகிச்சையிலேயே குணமடைகிறார்கள். அவர்களுக்குக் குருத்தணுச் சேகரிப்பு தேவைப்படுவதில்லை. சிலருக்கு நோய் திரும்பி வருகிறது. அப்போது வழக்கமான அளவு மருந்து மட்டும் போதுவதில்லை. அளவைப் பல மடங்கு ஏற்றினால் எஞ்சிய நோய் அணுக்களும் மடியலாம். ஆனால் மஜ்ஜை மீளாது.

இங்கேதான் விதைக்கோட்டை உதவிக்கு வருகிறது. முன்கூட்டியே நோயாளியின் குருத்தணுக்களை எடுத்து உறைய வைத்துவிட்டால், பிறகு துணிந்து உயர்ந்த அளவு மருந்து கொடுக்கலாம். மருந்து உடலை விட்டு நீங்கியதும் குருத்தணுக்களைத் திரும்பச் செலுத்தலாம். புற்றுநோயைக் கொல்வது மருந்து. மருந்திடமிருந்து மனிதனைக் காப்பது குருத்தணு.

இந்த முறை பயன் தருமா என்பதைச் சோதித்த ஆய்வு ஒன்றின் முடிவு 1995-ல் வெளியாயிற்று. பார்மா ஆய்வு என்பது அதன் பெயர். விரைவாக வளரும் லிம்ஃபோமா திரும்பி வந்து, மருந்துக்கு மீண்டும் கட்டுப்பட்ட 109 நோயாளிகள் இரு பிரிவாகப் பிரிக்கப்பட்டனர். ஒரு பிரிவினருக்கு வழக்கமான மருந்தைத் தொடர்ந்தார்கள். மறு பிரிவினருக்கு உயர்ந்த அளவு மருந்தும், பிறகு அவர்களுடைய மஜ்ஜையே திரும்பவும் கொடுக்கப்பட்டன. ஐந்து ஆண்டுகளுக்குப் பின், நோய் திரும்பாமல் நலமாக இருந்தவர்கள் முதல் பிரிவில் 100-க்கு 12 பேர். இரண்டாம் பிரிவில் 100-க்கு 46 பேர். விதை கையில் இருப்பதும் இல்லாமற் போவதும் எவ்வளவு பெரிய வேறுபாடு என்பதை இந்த இரண்டு எண்களே சொல்லும்.

இரத்தத்தில் மிதந்து வரும் விதை

பார்மா ஆய்வு நடந்த காலத்தில் மயக்க மருந்து கொடுத்து, இடுப்பெலும்பில் பலமுறை ஊசி குத்தி மஜ்ஜையை உறிஞ்சி எடுத்தார்கள். இன்று பெரும்பாலும் அது தேவையில்லை. குருத்தணுவை இரத்தத்திலிருந்தே எடுத்துவிடுகிறார்கள்.

சாதாரண நாட்களில் இரத்தத்தில் குருத்தணுக்கள் மிக மிக அரிது. கீமோதெரபி முடிந்து மஜ்ஜை மீளும் வேளையில் அவை இரத்தத்தில் பல மடங்கு பெருகுவதை 1976-ல் அமெரிக்க ஆய்வாளர்கள் கண்டு வெளியிட்டார்கள். காரணம் என்ன? மருந்தால் இளம் அணுக்கள் அழிந்ததும், வெற்றிடத்தை நிரப்பக் குருத்தணுக்கள் விழித்துப் பெருகுகின்றன. அவற்றை மஜ்ஜையோடு பிணைத்திருந்த கட்டுகளும் தளர்கின்றன. ஆகவே சில குருத்தணுக்கள் இரத்தத்தில் கசிந்து வெளியேறுகின்றன. மழை பெய்து கண்மாய் நிரம்பும்போது மீன்கள் கலிங்கு வழியே வெளியேறுவது போல என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இந்தக் கசிவை மிகுதிப்படுத்த ஜி.சி.எஸ்.எஃப். என்ற புரதம் உதவுகிறது. வெள்ளணு உற்பத்தியைத் தூண்டும் இப்புரதத்தை ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் நகரில் டொனால்ட் மெட்கால்ஃப் குழுவினர் எலியிலிருந்து 1983-ல் பிரித்தெடுத்தனர். மனித ஜி.சி.எஸ்.எஃப்.-இன் மரபணு 1986-ல் கண்டறியப்பட்டு, 1991-ல் அது ஊசி மருந்தாக அமெரிக்காவில் அனுமதி பெற்றது. நாளுக்கு ஒரு முறை தோலடியில் போட்டுக்கொண்டால் நான்கைந்து நாட்களில் குருத்தணுக்கள் இரத்தத்துக்கு வருகின்றன. எலும்பில் வலி தோன்றும். சேகரிப்பு முடிந்ததும் போய்விடும். கீமோவும் ஜி.சி.எஸ்.எஃப்.-ம் சேர்ந்தால் பெரும்பாலும் அறுவடை இன்னும் அதிகம். அப்போது மருந்து கொடுத்த 10-ஆம் நாள் முதல் 14-ஆம் நாளுக்குள் சேகரிப்பு நடைபெறும்.

நோயாளியின் இரத்தம் ஒரு குழாய் வழியே இயந்திரத்துக்குச் செல்கிறது. தயிர் கடையும்போது வெண்ணெய் தனியே திரள்வது போல, அங்கே இரத்தம் வேகமாகச் சுழற்றப்பட்டு எடைக்கேற்ப அடுக்கடுக்காகப் பிரிகிறது. குருத்தணுக்கள் உள்ள மெல்லிய அடுக்கை மட்டும் ஒரு பைக்குள் எடுத்துக்கொண்டு, மீதியை உடலுக்கே திருப்பி அனுப்புகிறார்கள். இதற்கு அஃபெரிசிஸ் என்று பெயர். நான்கைந்து மணி நேரத்தில் 10 முதல் 15 லிட்டர் இரத்தம் இயந்திரத்தின் வழியே சென்று திரும்பும். உடலில் இருப்பதே சுமார் 5 லிட்டர்தான். அதுவே இரண்டு மூன்று முறை சுற்றி வருகிறது. இரத்தம் உறையாமலிருக்கச் சேர்க்கும் சிட்ரேட் கால்சியத்தைக் குறைப்பதால் உதடு மரத்துப்போவது போல் இருக்கும். கால்சியம் கொடுத்துச் சரிசெய்வார்கள்.

பையில் சேர்ந்ததை அப்படியே குளிர வைத்தால் நீர் பனிப்படிகமாகி அணுக்களைக் கிழித்துவிடும். ஆகவே டை மெத்தில் சல்ஃபாக்சைடு என்ற திரவத்தைச் சேர்த்து, மெல்ல மெல்லக் குளிர்வித்து, திரவ நைட்ரஜனில் வைக்கிறார்கள். அதன் கொதிநிலை மைனஸ் 196 பாகை செல்சியஸ். அந்தக் குளிரில் விதை ஆண்டுக்கணக்கில் கெடாது.

ஒரு சிறு கணக்கு

எத்தனை குருத்தணுக்கள் தேவை? அவற்றின் மேற்புறத்தில் சி.டி.34 என்ற அடையாளப் புரதம் உள்ளது. 1984-ல் அமெரிக்காவின் கர்ட் சிவின் கண்டறிந்தது இது. இதை வைத்தே எண்ணுகிறார்கள். உடல் எடையில் ஒரு கிலோவுக்குக் குறைந்தது 20 லட்சம் வேண்டும். 50 லட்சம் கிடைத்தால் நல்லது.

60 கிலோ எடையுள்ள ஒருவரை எடுத்துக்கொள்வோம். 60 × 20 லட்சம் = 12 கோடி. இது குறைந்தபட்சத் தேவை. அவருடைய இரத்தத்தில் ஒரு மைக்ரோலிட்டருக்கு 20 குருத்தணுக்கள் இருப்பதாகக் கொள்வோம். 12 லிட்டர் இரத்தம் இயந்திரத்தின் வழியே செல்கிறது. 12 லிட்டர் என்பது 1 கோடியே 20 லட்சம் மைக்ரோலிட்டர். 20-ஆல் பெருக்கினால் 24 கோடி. வந்ததில் ஏறக்குறைய பாதியை இயந்திரம் பிடித்துக்கொள்கிறது என்றால் 12 கோடி. ஒரே நாளில் வேலை முடிந்தது!

மைக்ரோலிட்டருக்கு 10 மட்டுமே இருந்தால்? இரண்டு நாட்கள் வேண்டும். 5 மட்டுமே இருந்தால்? நான்கு நாட்கள். அத்தனை நாட்கள் அந்த எண்ணிக்கை விழாமல் நிற்பது சந்தேகம்.

முன்பு பெற்ற சிகிச்சை இந்த எண்களை எவ்வளவு மாற்றுகிறது என்பதை ஜெர்மனியின் ஹைடெல்பர்க் நகரில் ரெய்னர் ஹாஸ் குழுவினர் கணக்கிட்டு 1994-ல் வெளியிட்டனர். அவர்களிடம் சிகிச்சை பெற்ற ஹாட்ஜ்கின் அல்லாத லிம்ஃபோமா நோயாளிகளில், முன்னர் பெற்ற ஒவ்வொரு தவணை கீமோவுக்கும் ஒருமுறைச் சேகரிப்பில் கிலோவுக்குச் சராசரியாக 2 லட்சம் குருத்தணுக்கள் குறைந்தன. உடலின் பெரும்பகுதியில் கதிர்வீச்சு பெற்றிருந்தால் குறைவு கிலோவுக்கு 18 லட்சம்.

நமது 60 கிலோ நோயாளிக்கு இதைப் பொருத்திப் பாருங்கள். ஒரு தவணைக்கு 1 கோடியே 20 லட்சம் குறைவு. ஆறு தவணைகளுக்கு 7 கோடியே 20 லட்சம். பெரும்பரப்புக் கதிர்வீச்சுக்கு 10 கோடியே 80 லட்சம். அதாவது ஒன்பது தவணை கீமோவுக்குச் சமம். ஏன் இவ்வளவு? முதுகெலும்பிலும் இடுப்பெலும்பிலும்தான் மஜ்ஜையின் பெரும்பகுதி இருக்கிறது. அங்கே கதிர் பட்டால் உறங்கும் குருத்தணுவும் தப்பாது. அது குடியிருக்கும் இடமும் பாழாகும்.

இவை அக்கால மருந்துகளைப் பெற்ற நோயாளிகளின் சராசரி என்பதை மறக்கக் கூடாது. ஒவ்வொருவருக்கும் இப்படியே குறையும் என்பதில்லை. வயது, மஜ்ஜைக்குள் நோய் பரவியிருக்கிறதா என்பது, மருந்தின் வகை ஆகியவையும் எண்ணிக்கையை மாற்றும். ஆயினும் பொதுப் பாடம் ஒன்றே. சிகிச்சை நீள நீள அறுவடை மெலிகிறது.

எப்போது எடுப்பது?

அப்படியானால், நோய் என்று தெரிந்த முதல் நாளே எடுத்து வைத்துவிடலாமே என்று நீங்கள் கேட்கலாம். நல்ல கேள்வி.

முதல் நாளில் நோய் அணுக்கள் நிறைய இருக்கும். அவற்றில் சில இரத்தத்திலும் மஜ்ஜையிலும் திரியலாம். அப்போது எடுத்தால் விதைநெல்லோடு களை விதையும் கலந்துவிடும். சில தவணை மருந்துக்குப் பிறகு நோய் அணுக்கள் குறைந்திருக்கும். ஆனால் மிகவும் காத்திருந்தால் விதையே அரிதாகிவிடும். முந்தினால் களை; பிந்தினால் பதர். மேலும், முதல் சிகிச்சையிலேயே குணமடையப் போகிறவர்களுக்கு இந்தச் சிரமம் எதற்கு?

ஆகவே மருத்துவர்கள் நடுவழி ஒன்றைக் கையாள்கிறார்கள். நோய் திரும்பியவர்களுக்கு வேறு மருந்துகளை இரண்டு மூன்று தவணை கொடுத்து நோயைக் கட்டுக்குள் கொண்டு வருகிறார்கள். அவற்றில் ஒரு தவணைக்குப் பின் மஜ்ஜை மீளும் வேளையிலேயே குருத்தணுக்களைச் சேகரிக்கிறார்கள். நோயைக் குறைத்த அதே தவணை, விதையை வெளியே தள்ளவும் பயன்படுகிறது. ஒரே மழையில் உழவும் விதைப்பும் முடிவது போலத்தான். பின்னால் சேகரிப்பு தேவைப்படலாம் என்று முன்பே தோன்றினால், மெல்ஃபலான் போன்ற மருந்துகளையும் இடுப்பெலும்புக் கதிர்வீச்சையும் சேகரிப்புக்குப் பிறகு வைத்துக்கொள்கிறார்கள்.

மருந்துச் சேர்க்கைகளும் மாறியுள்ளன. ஹாட்ஜ்கின் நோய்க்கு 1970-ல் வின்சென்ட் டெவீட்டா குழுவினர் வெளியிட்ட மாப் என்ற நான்கு மருந்துச் சேர்க்கை பலரைக் குணப்படுத்தியது. ஆனால் அதில் நைட்ரஜன் மஸ்டர்ட் இருந்தது. 1975-ல் இத்தாலியின் மிலான் நகரில் ஜியானி பொனடோனா வெளியிட்ட ஏ.பி.வி.டி. என்ற சேர்க்கை மஜ்ஜைக்கு மென்மையானது. பின்னாளில் அதுவே மாப்பின் இடத்தைப் பிடித்தது.

போதாமற் போனால்

இத்தனை கவனத்துக்குப் பிறகும் சிலருக்குப் போதிய குருத்தணுக்கள் வருவதில்லை. அவர்களுக்கு உதவ ஒரு மருந்து எதிர்பாராத திசையிலிருந்து வந்தது.

குருத்தணுவின் மேல் ஒரு கொக்கி இருக்கிறது, சி.எக்ஸ்.சி.ஆர்.4 என்பது அதன் பெயர். மஜ்ஜையில் சுரக்கும் எஸ்.டி.எஃப்.-1 என்ற புரதம் அந்தக் கொக்கியைப் பிடித்துக் குருத்தணுவை மஜ்ஜையிலேயே நிறுத்துகிறது. எய்ட்ஸ் கிருமியும் உயிரணுவுக்குள் நுழைய இதே கொக்கியைப் பயன்படுத்துகிறது. கிருமியைத் தடுக்க, கொக்கியை மூடும் பிளெரிக்சஃபோர் என்ற மருந்தை உருவாக்கினார்கள். தன்னார்வலர்களுக்குக் கொடுத்தபோது அவர்கள் இரத்தத்தில் வெள்ளணுக்கள் சட்டென்று ஏறின. பிறகு பார்த்தால், குருத்தணுக்களும் மஜ்ஜையை விட்டு வெளியே வந்திருந்தன! எய்ட்ஸ் மருந்தாக அது நிலைக்கவில்லை. ஆனால் ஜி.சி.எஸ்.எஃப்.-உடன் சேர்த்துக் குருத்தணு சேகரிக்க 2008-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது.

ஆனாலும் இது வெளியே வர மறுக்கும் குருத்தணுவை வரவழைக்குமே தவிர, அழிந்துபோன குருத்தணுவை உண்டாக்கித் தராது. கையிருப்பைக் காப்பது இன்றும் முதல் கடமையே.

விதைப்பும் முளைப்பும்

சேகரிப்பு முடிந்து உயர்ந்த அளவு மருந்தும் கொடுத்தாயிற்று என்று வைத்துக்கொள்வோம். உறைந்த பையை 37 பாகை வெந்நீரில் வைத்து உருக்கி, இரத்தம் ஏற்றுவது போலவே கையிலோ மார்பிலோ உள்ள குழாய் வழியே செலுத்துகிறார்கள். குருத்தணுக்கள் இரத்தத்தோடு சுற்றி, எஸ்.டி.எஃப்.-1 புரதத்தின் அழைப்பை உணர்ந்து தாமாகவே மஜ்ஜைக்குப் போய்ச் சேருகின்றன. 10 முதல் 14 நாட்களுக்குள் வெள்ளணுக்கள் மெல்லத் தலைகாட்டும். அதுவரை சிறு கிருமியும் உயிருக்கு ஆபத்து. நோயாளி தனியறையில் பாதுகாக்கப்படுகிறார். போதுமான விதை இருந்தால் அந்த ஆபத்தான நாட்கள் குறைவு. விதை குறைந்தால் அவை நீளும். சேகரிப்பில் எண்ணிக்கையைப் பார்ப்பது இதற்காகத்தான்.

மருத்துவம் ஓரிடத்தில் நிற்பதில்லை. நோயாளியின் லிம்ஃபோசைட்டுகளையே எடுத்து, புற்றுநோயை அடையாளம் காணும்படி மாற்றித் திரும்பச் செலுத்தும் கார்-டி சிகிச்சை, லிம்ஃபோமாவுக்கு 2017-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. விரைவாக வளரும் சில வகைகள் ஓராண்டுக்குள் திரும்பி வந்தால் குருத்தணு முறைக்குப் பதிலாக அதைக் கொடுக்க 2022-ல் அங்கே அனுமதி கிடைத்தது. அதற்கும் அணுக்களை அஃபெரிசிஸ் மூலமே எடுக்கிறார்கள். முன்பு கொடுத்த மருந்து அங்கேயும் அறுவடையைப் பாதிக்கக்கூடும். கருவி மாறினாலும் கேள்வி மாறவில்லை.

இதைப் படித்துவிட்டு, கீமோதெரபி குருத்தணுவைக் கெடுக்கும், ஆகவே வேண்டாம் என்று யாரும் முடிவு கட்டிவிடக் கூடாது. லிம்ஃபோமாவை முதல் சிகிச்சையிலேயே வெல்வதுதான் எல்லாவற்றிலும் சிறந்தது. அதற்குத் தேவையான மருந்தைத் தேவையான அளவில் பெற்றே ஆக வேண்டும். விதைநெல்லைக் காக்க வேண்டும் என்பதற்காக யாரும் வயலைத் தரிசாகப் போடுவதில்லை. அடுத்த பருவத்தையும் மனத்தில் வைத்து இந்தப் பருவத்தைச் செய்கிறார்கள், அவ்வளவே.

நீங்களே செய்து பாருங்கள்

1. 45 கிலோ எடையுள்ள ஒரு மாணவிக்குக் குறைந்தபட்சம் எத்தனை குருத்தணுக்கள் தேவை? கிலோவுக்கு 50 லட்சம் என்றால் எத்தனை?

2. அவளுடைய இரத்தத்தில் மைக்ரோலிட்டருக்கு 15 குருத்தணுக்கள் உள்ளன. 10 லிட்டர் இரத்தம் இயந்திரத்தின் வழியே சென்று, அதில் பாதி குருத்தணுக்கள் பிடிபட்டால், ஒரு நாளில் எவ்வளவு கிடைக்கும்? குறைந்தபட்சத் தேவைக்கு எத்தனை நாட்கள் வேண்டும்?

3. உறங்கும் குருத்தணு சில மருந்துகளிடமிருந்து தப்புகிறது, சிலவற்றிடமிருந்து தப்புவதில்லை. ஏன்? உங்கள் சொந்த வாக்கியங்களில் எழுதுங்கள்.